புதுப்பித்த பிறகும் விழுந்த நேம் சர்வர்

நள்ளிரவில், தளப் பெயர்களுக்கு ஐபி முகவரி சொல்லும் எங்கள் நேம் சர்வரின் லாக் பதிவேட்டில் கடைசி வரியைப் பார்த்தபோதுதான் என் தவறு எனக்கு விளங்கியது. டிசிக் கையொப்பத்தை (பகிர்ந்த சாவியால் நேம் சர்வர் செய்திகளில் இடுவது) கையாளும் பகுதியில் ஒரு சரிபார்ப்பு தோற்றதாகவும், அதன் காரணமாக நேம்டு, அதாவது நாங்கள் ஓட்டும் பைண்ட் என்ற நேம் சர்வர் மென்பொருளின் சேவை நிரல், வெளியேறுவதாகவும் அந்த வரி சொன்னது. மூன்று வாரங்களுக்கு முன்பு நானே 'முடிந்தது' என்று எழுதி மூடிய ஓட்டை அது.

2020 மே மாதம் பைண்டை உருவாக்கும் ஐஎஸ்சி வெளியிட்ட சிவிஇ-2020-8617 என்ற பாதுகாப்பு ஓட்டை அறிவிப்பை நான் அன்றே படித்திருந்தேன். டிசிக் சாவியின் பெயர் தெரிந்த, அல்லது அதை ஊகிக்க முடிந்த ஒருவர், வேண்டுமென்றே வடிவமைத்த ஒரே ஒரு செய்தியை அனுப்பி பைண்டை நிறுத்திவிடலாம் என்பது அதன் சாரம். எங்கள் அமைப்புக் கோப்பில் டிசிக் சாவி எதுவும் இல்லாததால் இது நமக்கில்லை என்று தள்ளிவைத்தேன். நான்கு நாள் கழித்து மீண்டும் நிதானமாகப் படித்தபோதுதான், நாம் கேட்காவிட்டாலும் பைண்ட் தானாகவே உள்ளூர்ச் சாவி ஒன்றை உருவாக்கிவைக்கிறது என்பதும், அதன் இயல்புநிலைப் பெயர் ஆவணத்திலேயே இருக்கிறது என்பதும் கண்ணில் பட்டன. அறிவிப்பின் தலைப்பையும் அபாய மதிப்பெண்ணையும் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுப்பவர்கள் நான் விழுந்த இடத்திலேயே விழுவார்கள்.

பேக்கேஜை ஏற்றுவது இரண்டு நிமிட வேலை. அடுத்து நான் செய்ததுதான் கோளாறு: ஜோன் கோப்பை (தளத்தின் பெயர், முகவரிப் பதிவுகள் உள்ள கோப்பு) திருத்தும்போதெல்லாம் கைப்பழக்கமாகத் தட்டும் 'ஆர்என்டிசி ரீலோடு' கட்டளையையே அன்றும் தட்டினேன். அது அமைப்பையும் ஜோன்களையும் மீண்டும் படிக்குமே தவிர, நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரலை மாற்றாது. 'நேம்டு -வி' புதிய பதிப்பைக் காட்டியதும் திருப்தியாக எழுந்துபோய்விட்டேன். அந்தக் கட்டளை வட்டில் இருக்கும் கோப்பைப் பற்றிச் சொல்கிறது, ஓடுவதைப் பற்றி அல்ல. ஓடுவதை அறிய 'ஆர்என்டிசி ஸ்டேட்டஸ்' கேட்க வேண்டும். அதிலும் பதிப்பு எண்ணை நம்ப வேண்டாம், ஏனெனில் பல லினக்ஸ் வழங்கல்கள் பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்க்கின்றன. சேவை எப்போது தொடங்கியது என்ற வரியைப் பாருங்கள். எனக்கு அது ஆறு மாதத்துக்கு முந்தைய தேதியைக் காட்டியிருக்கும், பார்க்கத்தான் இல்லை.

எங்கள் முதன்மை நேம் சர்வரும், அதன் நகலை வைத்திருக்கும் இரண்டாம் நிலை சர்வரும் ஒரே நிமிடத்தில் போயின. இரண்டாம் நிலை சர்வர்கள் வேறு இடத்திலும் வேறு வலையிலும் இருக்க வேண்டும் என்று 1997-இன் இணைய நெறி ஆவணமான ஆர்எஃப்சி 2182 சொல்வதை நாங்கள் அப்படியே பின்பற்றியிருந்தோம். ஆனால் இரண்டிலும் அதே பைண்ட், அதே அமைப்பு, அதே மறதி. 2015-இல் வந்த சிவிஇ-2015-5477-உம் ஒற்றை பேக்கெட்டில் பைண்டை வீழ்த்தக்கூடியதுதான், யார் கேட்கலாம் என்று வரையறுக்கும் அணுகல் பட்டியல்களாலும் அதைத் தடுக்க முடியவில்லை என்பதெல்லாம் தெரிந்திருந்தும் இப்படி இருந்தோம் என்பதே உறுத்துகிறது.

தானாக மீண்டும் தொடங்கும் வசதியும் கைகொடுக்கவில்லை. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி இயல்பாகப் பத்து விநாடிக்குள் ஐந்து முறைதான் தொடங்கிப் பார்க்கும். வீழ்த்தும் செய்திகள் தொடர்ந்து வந்ததால் அதுவும் கைவிட்டது. இப்போது ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே ஐந்து விநாடி இடைவெளி வைத்திருக்கிறேன். போதாக்குறைக்கு, பழைய இடமாற்றம் ஒன்றுக்காக 300 விநாடியாகக் குறைத்த டிடிஎல் மதிப்பை (ஒரு பதிலை எவ்வளவு நேரம் கையிருப்பில் வைக்கலாம் என்பது) யாரும் திரும்ப உயர்த்தவில்லை. ஒரு நாள் என்று வைத்திருந்தால் பயனர்களுக்காக எங்களிடம் கேட்கும் ரிசால்வர்களில் பெரும்பாலானவை கையிருப்பிலிருந்தே பதில் சொல்லிக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடத்தில் தளமும் மின்னஞ்சலும் மறைந்திருக்காது.

மறுவாரம் இரண்டாவது சர்வரைப் புதிய முகவரிக்கு மாற்றி, அதில் என்எஸ்டி என்ற வேறொரு நேம் சர்வர் மென்பொருளை நிறுவினேன். நிறுவல் எளிது, பெயர்ப் பதிவு நிறுவனத்தின் உதவி மையம்தான் மூன்று நாளைத் தின்றது. குளூ பதிவு (எங்கள் நேம் சர்வரின் முகவரியாக .com போன்ற மேல்நிலைச் சர்வர் வைத்திருப்பது) இன்னும் பழைய முகவரியைக் காட்டுகிறது என்று எழுதினால், 'உலகெங்கும் பரவ 48 மணி நேரம் ஆகும்' என்ற ஒரே பதில் மூன்று முறை வந்தது. மேல்நிலைச் சர்வரையே டிக் கட்டளையால் நேரடியாகக் கேட்டு, அங்கேயே பழைய முகவரி இருப்பதை ஒட்டி அனுப்பிய பிறகுதான், கோரிக்கை அவர்கள் பக்கம் சேமிக்கப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். பரவும்வரை காத்திருங்கள் என்று யாராவது சொன்னால் முதலில் மேல்நிலைச் சர்வரைக் கேட்டுவிடுங்கள்.

அதன் பிறகு ஜோன் பரிமாற்றம், அதாவது முதன்மையிலிருந்து இரண்டாம் சர்வருக்குப் பதிவுகளை நகலெடுப்பது, மறுத்தது. இம்முறை நானே வைத்த டிசிக் சாவியை எழுத்தெழுத்தாக ஒரு மணி நேரம் ஒப்பிட்டேன். பழுது சாவியில் இல்லை, புதிய சர்வரின் கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தது. டிசிக் வழக்கமாகப் பொறுப்பது 300 விநாடி வித்தியாசத்தை மட்டுமே.

கடிகாரத்தைச் சரிசெய்த உற்சாகத்தில் முதன்மைச் சர்வரில் பதில் வீதக் கட்டுப்பாட்டையும் போட்டேன். ஒற்றை பேக்கெட் வீழ்ச்சிக்கு அது மருந்தல்ல. நம் சர்வரை வைத்துப் பிறர்மேல் வெள்ளம் பாய்ச்சுவதைத்தான் குறைக்கும். வரம்பை மீறும் பதில்களில் ஒரு பங்கை அது சுருக்கி அனுப்பி, கேட்பவரை, வழக்கமான யுடிபிக்குப் பதிலாக இணைப்பை உறுதிசெய்து பேசும் டிசிபி வழியாக வரச் சொல்கிறது. எங்கள் ஃபயர்வாலோ, ஜோன் பரிமாற்றத்துக்கு மட்டுமே டிசிபி வேண்டும் என்ற பழைய நம்பிக்கையில், இரண்டாம் சர்வரைத் தவிர வேறு எவருக்கும் நேம் சர்வர்களுக்கான 53-ஆம் போர்ட்டில் டிசிபியைத் திறக்கவில்லை. ஒரு வாடிக்கையாளரின் மின்னஞ்சல் சர்வர் இரண்டு நாள் அவ்வப்போது எங்களைக் காணாமல் தவித்தது. முதலில் லாகில் மட்டும் எழுதும் நிலையில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்திருந்தால் அவருடைய முகவரி அங்கேயே தெரிந்திருக்கும்.

சென்ற வாரம் அடுத்த திருத்தம் வந்தது. ஏற்றினேன், முறையாக ரீஸ்டார்ட் செய்தேன், தொடங்கிய நேரம் அன்றைய தேதி என்பதைக் கண்ணால் பார்த்தேன், பிறகுதான் 'முடிந்தது' என்று எழுதினேன்.