இது பட்டாவா, புறம்போக்கா?

ரெவின்யூ டிபார்ட்மென்ட்டில் ஆர்.ஐ.யாக இருந்து ரிட்டயர் ஆனவரை எங்கே கூட்டிப் போனாலும் அவர் பார்ப்பது நிலத்தைத்தான். லண்டனில் அரண்மனை வாசலில் நிறுத்தினோம். "மொத்தம் எத்தனை ஏக்கர் வரும்?" என்றார் அப்பா. அவரைத்தான் ஆகஸ்ட் கடைசியில், ஹெதர் என்கிற குத்துச்செடி பூத்துக் கிடக்கும் நேரத்தில், வடகிழக்கு இங்கிலாந்தின் நார்த் யார்க் மூர்ஸ் மேட்டு நிலத்துக்குக் கூட்டிப் போனேன். நாங்கள் இருக்கும் மிடில்ஸ்பரோவிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

கேசில்டன் ஊரைத் தாண்டி ரோடு மேலே ஏறினதும் மரம் எல்லாம் நின்றுபோகும். அப்புறம் கல்சுவரும் நின்றுபோகும். அதற்குமேல் கண்ணுக்கு எட்டின தூரம் வரை ஊதா, அதன் மேல் வானம், அவ்வளவுதான். "அடேயப்பா!" என்றார் அம்மா. அப்பா மங்கி கேப்பைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு காரை விட்டு இறங்கினார். நாலு பக்கமும் பார்த்தார். "ஒரு மரம் இல்லை, ஒரு கிணறு இல்லை. சுத்தத் தரிசு. ஏன்டா, இது பட்டாவா, புறம்போக்கா?"

பதில் சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை. 1952-ல் தேசியப் பூங்கா ஆக்கிய இடம். 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் மூன்றில் ஒரு பங்கு ஹெதர் மூடிய மேட்டு நிலம். தேசியப் பூங்கா என்றால் நம்மூரில் வனத்துறை, கேட், டிக்கெட். இங்கே பெரும்பகுதி தனியார் நிலம். ஆனால் 2000-ல் போட்ட ஒரு சட்டப்படி இந்தத் திறந்த மேட்டில் யார் வேண்டுமானாலும் காலாற நடக்கலாம், சொந்தக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை. இதைச் சொன்னதும் அப்பா முகம் மாறிவிட்டது. "பட்டாதாரர் சும்மாவா விட்டார்? ஸ்டே வாங்கலையா?"

பிறகு குனிந்து செடியைப் பார்த்தார். முழங்கால் உயரம், விறைப்பான குச்சி, செதில் செதிலாக ஒட்டிய இலை. குச்சி நெடுக வரிசையாகப் பூ. ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். இந்தத் துக்கடாப் பூதான் மொத்த மலையையும் ஊதாவாக்கியிருக்கிறது. நாலு அடி உள்ளே நடந்து திரும்பியவரின் பேன்ட் முழுக்கச் சாம்பல் நிறத்தில் மகரந்தத் தூள். அம்மா ரோட்டை விட்டு இறங்கவே இல்லை. இங்கிலாந்தில் விஷமுள்ள பாம்பு ஒரே ஒரு வகைதான், ஆடர் என்கிற விரியன், அது இந்த மாதிரி மேட்டில்தான் வெயில் காயும் என்று கார் ஏறும்போதே வாயை விட்டிருந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் நடுரோட்டில் ஆடுகள். கருப்பு முகம், வெள்ளை மூக்கு, சுருண்ட கொம்பு, ஸ்வேல்டேல் இனம். ஹார்ன் அடித்தால் ஒன்று மட்டும் திரும்பிப் பார்த்தது, பார்த்துவிட்டு அசைபோட்டது. வேலியே இல்லையே, ஓடிப்போகாதா என்றார் அப்பா. போகாது. எந்தப் பகுதி நம்முடையது என்று தாய் ஆட்டோடு சுற்றிச் சுற்றியே குட்டி தெரிந்துகொள்ளும். பெரிதானதும் அது தன் குட்டிக்குக் காட்டும். யாருடைய ஆடு என்பதற்கு முதுகில் சாயக் குறி. "சர்வே கல் இல்லை, சங்கிலி இல்லை, எல்லைத் தகராறும் இல்லை" என்று ஆட்டை உற்றுப் பார்த்தார் அப்பா. அவருக்குக் கீழே வேலை பார்த்த சர்வேயர்கள் யாரையும் இவ்வளவு மரியாதையாகப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அப்போதுதான் ஹெதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கறாராக: "கோ பேக்! கோ பேக்! கோ பேக்!"

அப்பா திடுக்கிட்டுப் பின்வாங்கினார். "விசாவோடதான்டா வந்திருக்கோம்!"

அது ரெட் கிரவுஸ். செம்பழுப்பு நிறத்தில் உருண்டையான பறவை, கண்ணுக்கு மேலே சிவப்புப் புருவம், கால்விரல் வரைக்கும் இறகு. அம்மாவுக்கு அதன் பேச்செல்லாம் காதில் விழவில்லை, உடம்பை மட்டும் அளந்தார். "நம்ம நாட்டுக்கோழி சைசு இருக்கும்போல. இதைச் சாப்பிடுவாங்களா?"

சாப்பிடுவார்கள். ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை சுடலாம் என்பது 1831-லிருந்தே சட்டம். ஒரு நாள் சுடுவதற்கு ஆயிரக்கணக்கில் பவுண்டு கட்டிக்கொண்டு வருகிறார்கள். அம்மா ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்து, "கோழிக்கறி தின்னுட்டுப் போகலாம்" என்று முடித்துவிட்டார்.

அப்பா விடவில்லை. இந்தப் பறவையைக் கூண்டில் வளர்த்து விட முடியாது, அதற்கு முக்கிய உணவே ஹெதர் தளிர்தான், அதனால் மலையையேதான் பராமரிக்கிறார்கள் என்று விளக்கினேன். எதிர்ச்சரிவில் திட்டுத் திட்டாகக் கருப்பும் பச்சையும் ஊதாவும் தெரிந்ததே, அது தானாக வந்ததில்லை. அக்டோபர் முதல் ஏப்ரல் பாதிவரை அளவு பார்த்துக் கொளுத்துகிறார்கள். எரித்த இடத்தில் இளந்தளிர் தின்ன, எரிக்காத இடத்தில் ஒளிந்து முட்டையிட. ரோட்டோரத்தில் ஒரு சின்னத் தட்டில் வெள்ளைக் கூழாங்கல் பொடி இருந்தது. பறவை அதை விழுங்கினால்தான் இரைப்பையில் தளிர் அரைபடும். சில இடங்களில் அந்தப் பொடியிலேயே குடல்புழு மருந்தைத் தடவி வைப்பதும் உண்டு.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தீர்ப்புச் சொன்னார்: "அப்போ இது தரிசு இல்லை. கோழிப்பண்ணை. அடங்கல்ல அப்படித்தான் ஏத்தணும்."

எனக்கும் இதில் முழுச் சம்மதம் இல்லை. கீழே இருக்கும் பீட் மண், பாசி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் சேர்ந்தது. தண்ணீரையும் கார்பனையும் பிடித்துவைத்திருக்கிறது. அதன்மேல் தீ வைப்பது பற்றி இங்கே ஓயாத சண்டை. கிரவுஸைத் தின்கிறது என்று பூனைப்பருந்தைத் திருட்டுத்தனமாகச் சுடுகிறவர்களும் இருக்கிறார்கள், குற்றம் என்று தெரிந்தே. அதே சமயம், இந்த மேடு இல்லையென்றால் கர்லூவுக்குப் போக்கிடம் குறைவு. வளைந்த நீள மூக்கோடு வசந்தத்தில் இங்கே வந்து முட்டையிடும் பறவை. நாங்கள் போனபோது கடற்கரைக்கு இறங்கியிருந்தது. சரி, அது பெரிய வழக்கு.

ரோஸ்டேல் போகும் வழியில் ஃபேட் பெட்டி நிற்கிறாள். பழைய எல்லைக் கல். குட்டையான உடம்பு, மேலே உருண்டைத் தலை, வெள்ளைச் சுண்ணாம்பு நிறம். வழிப்போக்கர்கள் தின்பண்டம் ஏதாவது வைத்துவிட்டு, இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போவது வழக்கம். அன்றைக்கு ஒரு ஆப்பிள், ரெண்டு சாக்லேட், பாதி உடைந்த பிஸ்கட் பாக்கெட். அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் காற்றில் செருப்பைக் கழற்றினார், கும்பிட்டார், டப்பாவிலிருந்து மிளகுத் தட்டை எடுத்து வைத்தார். ஆடர் பயம் எங்கே போனதோ தெரியவில்லை.

மேற்குக் கடற்கரையிலிருந்து கிழக்குக் கடற்கரைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிற கூட்டம் ஒன்று உண்டு, அவர்கள் இந்த வழியாகத்தான் வருவார்கள். ரெண்டு கையிலும் குச்சியோடு அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தட்டையை எடுத்துக் கடித்தார். மிளகு ஏறியதும் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் மிச்சத்தையும் விடவில்லை. "இன்னும் ரெண்டு எடுத்துக்கோ தம்பி" என்று டப்பாவை நீட்டினார் அம்மா, தமிழில். அவரும் எடுத்துக்கொண்டார்.

இறங்கும் வழியில் ஒரு பண்ணை வாசலில் மேஜை, அதில் ஹெதர் தேன் பாட்டில்கள், பக்கத்தில் காசு போட ஒரு டப்பா. ஆளே இல்லை. அப்பா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சரியான சில்லறையை ரெண்டு தடவை எண்ணிப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பாட்டிலைத் திறந்து கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. ஹெதர் தேன் அப்படித்தான், கூழாக உறைந்து நிற்கும், கரண்டி விட்டுக் கலக்கினால் இளகும், விட்டுவைத்தால் மறுபடி உறையும். கலக்கிக் காட்டினேன், வழிந்தது. அம்மாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. "ஜெல்லி கலந்திருக்கான்."

"கல்லாவில் ஆளே உட்காராதவன் கலப்படம் பண்ணுவானா?" என்றார் அப்பா.

"ஏங்க, மாட்டிக்கிட்டா கேக்க ஆள் இருக்கக்கூடாதுன்னுதான் உட்காரலை."