கடைசியாகக் குளிப்பவருக்கும் வெந்நீர்

இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், எங்கள் வீட்டில் கடைசியாகக் குளித்தது என் மனைவி. பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்குக் கிளப்பி, என்னையும் வேலைக்கு அனுப்பிவிட்டு அவள் குளிக்கப் போகும்போது வெந்நீர் தீர்ந்திருக்கும். இரண்டு வாரம் அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. ஒரு நாள் விரல்கள் வெளிறிப்போய் நடுங்கியபடி அவள் வெளியே வந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

ஹீட்டர் பழுது என்று நினைத்து வீட்டுக்காரரிடம் சொன்னோம். அவர் அனுப்பிய பிளம்பர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, ஹீட்டரில் ஒரு குறையும் இல்லை என்றார். அப்புறம் நிமிர்ந்து ஷவரைப் பார்த்து, "இதை எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்டார்.

மாற்றியது நான்தான். குடிவந்தபோது இருந்த பழைய ஷவர் ஹெட்டில் பாதித் துளைகள் சுண்ணாம்பு படிந்து அடைத்திருந்தன. தண்ணீர் நேராக விழாமல் சுவரில் பீய்ச்சியது. புது வீடு, புது வாழ்க்கை, குளியலறையாவது நன்றாக இருக்கட்டும் என்று 25 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு ரெயின் ஷவர் வாங்கி மாட்டினேன். குடும்பத்தில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. நின்றால் மழையில் நிற்பது போலத்தான் இருக்கும்.

பிளம்பர் ஒரு வாளி கேட்டார். 10 லிட்டர் வாளியை ஷவருக்குக் கீழே வைத்து முழுதாகத் திறந்துவிட்டு நேரம் பார்த்தார். 40 நொடியில் நிறைந்தது. அதாவது நிமிடத்துக்கு 15 லிட்டர். எங்கள் ஹீட்டர் தொட்டியின் கொள்ளளவு 80 லிட்டர். அதில் 60 டிகிரி வெந்நீர் இருக்கிறது, குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 8 டிகிரிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்து 38 டிகிரியில் குளித்தால் மொத்தம் 140 லிட்டர் அளவுக்குத்தான் கிடைக்கும். வெந்நீர் போகப்போக அடியில் குளிர்ந்த நீர் நிரம்புவதால் நடைமுறையில் அதுவும் குறையும். நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் ஒன்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும். நாங்கள் நான்கு பேர்.

நிமிடத்துக்கு 7 லிட்டர் மட்டும் விடும் ஷவர் ஹெட் இருந்தால் அதே தொட்டி இருபது நிமிடம் தாங்கும். ஆளுக்கு ஐந்து நிமிடம். இவ்வளவு எளிய கணக்கை வாங்குவதற்கு முன் போட்டிருக்கலாமே என்று அன்று மனம் மிகவும் சங்கடப்பட்டது.

கழற்றிய ரெயின் ஷவரை நண்பர் ஒருவர் கேட்டு வாங்கிப் போனார். அவர் வீட்டில் கதை நேர்மாறு. அங்கே தண்ணீர் வருவது கூரைக்கடியில் இருக்கும் தொட்டியிலிருந்து. தொட்டி ஷவரைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் வரும். தொட்டிக்கும் ஷவருக்கும் நடுவே 2 மீட்டர்தான் இருந்தால் 0.2 பார். அந்த அழுத்தத்தில் அவ்வளவு அகலமான தட்டின் நடுவிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டியது. குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்ட சிறிய முகமுள்ள ஹெட் போட்ட பிறகுதான் அவர்கள் ஒழுங்காகக் குளித்தார்கள். ஒரே பொருள், இரண்டு வீடு, இரண்டுவிதமான தொல்லை. அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் எந்த ஷவர் நல்லது என்று கேட்டால், உங்கள் வீட்டில் தண்ணீர் எப்படி வருகிறது, எதில் சூடாகிறது என்று முதலில் கேட்கிறேன். தொட்டி இல்லாமல் தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் ஹீட்டர் என்றால் இன்னொரு கவனம் வேண்டும். தண்ணீர் ஓட்டம் மிகவும் குறைந்தால் அது இயங்கவே இயங்காது.

இரண்டாவது முறை வாங்கப் போனபோது மனைவியையும் அழைத்துப் போனேன். நான் யோசிக்காத ஒன்றை அவள் சொன்னாள். நேர் மேலிருந்து கொட்டும் ஷவரில் தலை நனையாமல் குளிக்கவே முடியாது. நீண்ட முடியோடு இந்தக் குளிரில் தினமும் தலையை நனைத்துவிட்டு எப்படி வெளியே போவது? ஹேண்ட் ஷவர் என்று முடிவானது. சுவரில் ஒரு கம்பி, அதில் ஏற்றி இறக்கும் கொக்கி, ஒன்றரை மீட்டர் ஹோஸ். சின்னவள் உயரத்துக்கு இறக்கலாம். அம்மா வந்து தங்கியபோது ஸ்டூலில் உட்கார்ந்து தானே குளித்தார். அந்த ஒன்றுக்காகவே அதை வாங்கியது சரி என்பேன்.

காற்றைக் கலந்து விடும் வகையையும் பார்த்தோம். தண்ணீர் மிச்சமாகும், மேலில் பட்டால் மெதுவாக இருக்கும். ஆனால் துளி பொடிப்பொடியாக விழுவதால் காலுக்கு வருவதற்குள் சூடு குறைகிறது. குளிர்ந்த குளியலறைக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டோம். ஃபில்டர் வைத்த ஷவர் கடின நீரை மென்மையாக்கும் என்று கடையில் சொன்னார்கள். கார்பன் ஃபில்டர் குளோரினைக் குறைக்கும், சுண்ணாம்பை எடுக்காது. அதற்கு உப்புப் போட்டு இயங்கும் தனிக் கருவி வேண்டும்.

மாட்டுவதற்கு ஆள் தேவைப்படவில்லை. பெரும்பாலான ஷவர்களின் மரை அரை அங்குலம்தான். சுவர்க் குழாயில் நேரடியாகத் திருகும் ஹெட் என்றால் மரையில் டெஃப்லான் டேப்பை வலஞ்சுழியாக மூன்று சுற்று சுற்ற வேண்டும். ஹோஸ் முனையில் ரப்பர் வாஷர் இருந்தால் டேப்பே வேண்டாம், கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டாக வேண்டுமென்றால் நடுவில் ஒரு துணி வையுங்கள், இல்லாவிட்டால் பூச்சில் கீறல் விழும்.

துளைகள் சிலிகான் ரப்பரில் இருப்பதாகப் பார்த்து வாங்கினோம். வாரம் ஒருமுறை கட்டைவிரலால் தேய்த்தாலே படிந்த சுண்ணாம்பு உதிர்ந்துவிடும். ஊருக்குப் போய்ச் சில வாரம் வீடு பூட்டிக் கிடந்தால், திரும்பியதும் ஷவரைக் கீழே இறக்கி, சாரல் முகத்தில் படாமல் சில நிமிடம் வெந்நீரை ஓடவிடுகிறோம். தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரலாம், அது சாரலோடு நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரலாம்.

வாடகை வீடு என்பதால் அந்தப் பழைய ஷவரை நாங்கள் தூக்கிப் போடவில்லை. வினிகரும் தண்ணீரும் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, ஊசியால் துளைகளைக் குத்தி எடுத்ததும் ஏறக்குறைய எல்லாமே திறந்துகொண்டன. வாஷரோடு பையில் போட்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம், காலி செய்யும் அன்று மாட்டிக் கொடுக்க.