மாதிரியின்படி

“ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவில் 90 விநாடி விடுகிறோம், அதை 60 ஆக்கலாமா?” என்று மருத்துவர் கேட்டார். ஷாட் என்பது, உடலுக்குள் ஓரிடத்தில் திசுவைச் சுட்டழிக்கக் குவித்து அனுப்பும் ஒலியலை. அந்தச் சூடு எங்கே எவ்வளவு ஏறும் என்று கணிக்கும் என் கணினி மாதிரியின் திரையில், கொழுப்பு அடுக்கு 41 டிகிரியைத் தாண்டாமல் நின்றது. “மாதிரியின்படி ஒன்றும் ஆகாது சார்” என்றேன். அந்தப் ‘படி’யை நான் பொறுப்போடு சேர்த்தேனா, தப்பித்துக்கொள்ளச் சேர்த்தேனா என்பது இன்றுவரை எனக்கே தெளிவாகவில்லை.

என் கவனமெல்லாம் ஒலி குவியும் இடமான குவியத்தில்தான் இருந்தது. 57 டிகிரியில் ஒரு விநாடி இருந்தாலே, 43 டிகிரியில் 240 நிமிடம் இருந்ததற்குச் சமமான, திசு செத்துப்போகும் சேத அளவு கடந்துவிடும். அந்த எல்லைக்கோட்டைச் சரிசெய்யவே வாரக்கணக்கில் உழைத்தேன். சில விநாடிகளில் முடியும் குவியச் சூட்டில் இரத்த ஓட்டத்தின் பங்கு சொற்பம் என்பதால், திசுவில் வெப்பம் பரவுவதைக் கணக்கிட பென்னஸ் 1948இல் எழுதிய சமன்பாட்டின் இரத்த ஓட்ட உறுப்பை நான் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் ஒலிக்கற்றை கடந்துபோகும் மேலடுக்குகளில் ஷாட்டுக்கு ஷாட் சூடு மிஞ்சிச் சேர்கிறது. அதை வடிப்பது இடைவெளியும் இரத்த ஓட்டமும்தான். கொழுப்போ, தசை கடத்தும் வெப்பத்தில் பாதியைக்கூடக் கடத்தாது. போதாக்குறைக்கு, காந்த ஒத்ததிர்வுப் படத்தால் சூட்டை அளக்கும் எம்.ஆர். வெப்ப அளவீடு நீரின் புரோட்டான்களை நம்பியிருப்பதால் கொழுப்பின் சூட்டைக் காட்டுவதில்லை. அங்கே மருத்துவருக்கு என் மாதிரியைத் தவிர வேறு கண் இல்லை.

அன்று மாலைதான் கவனித்தேன்: சூடேறினால் தசையில் இரத்த ஓட்டம் பல மடங்கு கூடும் என்பதற்காக நிரலில் எழுதிய வரியைக் கொழுப்புக்கும் சேர்த்தே இயக்கியிருந்தேன். திருத்தி ஓட்டியபோது 60 விநாடி இடைவெளியில் 44 டிகிரி வந்தது. இத்துறையில் திசுவின் குணகங்கள் பெரும்பாலும் ஒரு நோயாளிக்கென்று அளந்து கிடைப்பதில்லை, சராசரியைத்தான் போடுகிறோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான், ஆனால் நான் செய்தது சராசரியைப் போட்ட பிழை அல்ல.

மறுநாள் காலையில் மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னேன். “60தான் வைத்தோம். தோலில் ஒன்றும் இல்லையே” என்றார், என்னைத் தேற்றுவதுபோல. நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால், திருத்திய கணக்கு மிகையா, அல்லது அந்த நோயாளி தப்பித்தாரா என்று அதிலிருந்து எனக்கு எதுவும் தெரியவில்லை.

“இப்போது எவ்வளவு விடலாம்?” என்று கேட்டார். “90” என்றேன். ஏன் என்று கேட்பார் எனக் காத்திருந்தேன். அவர் குறித்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிட்டார்.