ஷா-1 இலிருந்து ஷா-256க்கு: எங்கள் களஞ்சியங்களை மாற்றிய அனுபவம்

பினாங்கு பாயான் லெப்பாஸில், மின்னணுப் பலகைகளைச் சோதிக்கும் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் சிறிய குழுவில் பணிபுரிகிறேன். நிரலின் மாற்ற வரலாற்றைக் களஞ்சியம் என்னும் தொகுப்பில் காக்கும் கிட் மென்பொருள், ஒவ்வொரு சேமிப்புக்கும் (கமிட்) ஓர் எண் தருகிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் உரிய அந்தக் கமிட் எண்ணை, 40 எழுத்துகளும் விடுபடாமல், சோதனைச் சான்றில் அச்சிட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். பிற்காலத்தில் ஒரு பலகை பழுதானால், எந்த நிரல் அதைச் சோதித்தது என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. ஆகவே, அதை உருவாக்கும் ஷா-1 (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஹேஷ் எனும் குறுகிய அடையாள மதிப்பைக் கணக்கிடும் முறை) இனி நம்பத்தக்கதல்ல என்று வாடிக்கையாளர் ஒருவரின் தணிக்கையாளர் எழுதியபோது, வேலையைத் தள்ளிப்போட எங்களுக்கு மனம் வரவில்லை.

ஷா-1 வெளிவந்தது 1995இல். அதன் பலவீனத்தை, அதாவது வேறுபட்ட இரண்டு கோப்புகளுக்கு ஒரே மதிப்பு வரும் ‘மோதலை’ உருவாக்க முடியும் என்பதை, சீன ஆய்வாளர் வாங் சியாவ்யுன் குழுவினர் 2005இலேயே கோட்பாட்டளவில் காட்டிவிட்டனர். கிட் பிறந்ததும் அதே ஆண்டில்தான். 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு நிலையமும் கூகுளும் ஒரே ஷா-1 மதிப்புக் கொண்ட இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. அவற்றை இறக்கிப் பார்த்தோம். ஒன்றில் பின்னணி நீலம், மற்றதில் சிவப்பு. இரண்டின் மதிப்பும் 38762 என்றே தொடங்கி, கடைசி எழுத்து வரை ஒத்திருந்தது. ஆனால் கிட்டில் சேர்த்தபோது எண்கள் வேறுபட்டன, ஏனெனில் கிட் ஒவ்வொரு கோப்பின் முன்னும் அதன் வகையையும் அளவையும் சேர்த்தே கணக்கிடுகிறது. இதில் ஆறுதல் கொள்ள இடமில்லை என்பதே என் கருத்து, ஏனெனில் தாக்குபவர் அந்த முன்பகுதியையும் சேர்த்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். கிட் 2.13 முதல் உள்ள மோதல் கண்டறியும் வசதியும் அறியப்பட்ட தாக்குதல் முறைகளை மட்டுமே தடுக்கும்.

கிட்டைப் பொறுத்தவரை, அதன் உருவாக்குநர்கள் 2018இலேயே ஷா-1இன் இடத்துக்கு, 64 எழுத்து மதிப்புத் தரும் ஷா-256ஐத் தேர்ந்துவிட்டதால் எங்களுக்கு வேலை மிச்சம். அளவீட்டுக் கோப்புகளைச் சேமிக்கும் எங்கள் சொந்தக் கருவிக்குத்தான் நாங்களே முடிவெடுக்க வேண்டியிருந்தது. தொழிற்கூடத்தில் உள்ள பழைய கணினிகளில் பிளேக்2 என்ற மற்றொரு ஹேஷ் முறை வேகமாக ஓடியதால், இளைய சக ஊழியர் அதையே வற்புறுத்தினார். இன்னொரு மாற்றான ஷா-3இன் அமைப்பு முந்தைய ஷா முறைகளிலிருந்து முற்றிலும் வேறு என்பது அதன் பலம். இருந்தும் நான் ஷா-256ஐயே ஆதரித்தேன். நீண்ட காலம் ஆய்வாளர்களின் கண்ணில் பட்டும் உடையாமல் நிற்பது, ஏறக்குறைய எல்லா நிரல்மொழிகளிலும் கிடைப்பது, புதிய செயலிகளில் அதற்கெனத் தனிக் கட்டளைகள் இருப்பது ஆகியவற்றைவிட, எங்கள் கருவி மறைந்த பிறகும் யாரோ ஒருவர் அந்தக் கோப்பை வேறொரு நிரலால் சரிபார்க்க முடியும் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

தேர்வைவிட மாற்றம்தான் கடினம். ஒவ்வொரு கமிட்டும் தன் தாய்க் கமிட்டின் எண்ணைத் தன்னுள் கொண்டிருப்பதால், ஹேஷ் மாறினால் வரலாறு முழுவதும் புதிய எண் பெறும்; கையொப்பமிட்ட டேக்குகள் (குறிப்பிட்ட கமிட்டுக்கு இடும் பெயர்க்குறிகள்) செல்லாமல் போகும்; அச்சிட்டுக் கொடுத்த சான்றுகளின் எண்கள் அநாதையாகும். எனவே பழைய களஞ்சியத்தை அப்படியே பூட்டி வைத்து, முழுவதையும் ஒரே பண்டில் கோப்பாக்கி, அதன் ஷா-256 மதிப்பையும் கடைசிக் கமிட்டின் பழைய எண்ணையும் புதிய களஞ்சியத்தின் முதல் கமிட் செய்தியில் எழுதினோம். ஷா-256 களஞ்சியத்துக்குள் ஷா-1 துணைக் களஞ்சியத்தை வைக்க இயலாததால், அப்படி இணைத்திருந்த வெளி நூலகம் (பிறர் எழுதிய நிரல்தொகுப்பு) ஒன்றை நேரடியாகப் படியெடுத்துச் சேர்த்தோம். தரவுத்தளத்திலும் சான்றிலும் 40 எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தை 64 ஆக்கியதற்குத்தான் நிறையப் பொறுமை தேவைப்பட்டது.

வாடிக்கையாளருடன் பகிரும் ஒரு களஞ்சியம் மட்டும் இன்னும் ஷா-1இலேயே உள்ளது, ஏனெனில் அவர்கள் பயன்படுத்தும் சேவையகம் புதிய வடிவத்தை ஏற்பதில்லை. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் ஷா-1ஐக் கைவிட 2030 டிசம்பர் 31ஐக் கெடுவாக அறிவித்திருக்கிறது. அதற்குள் அதையும் மாற்றுவதாக இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.