கெட்டியான பூட்டு, உரக்கச் சொன்ன கடவுச்சொல்

2016 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில், இணையத்தோடு இணைந்த வீட்டுச் சாதனங்களை உடைத்துப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட ‘ஐஓடி வில்லேஜ்’ அரங்கில், 21 நிறுவனங்களின் 23 சாதனங்களில் 47 புதிய பாதுகாப்பு ஓட்டைகள் வெளிப்பட்டன.

அந்த எண்ணிக்கையைவிட என்னை உறுத்தியது அதே மாநாட்டில் பேசப்பட்ட பூட்டுகளின் கதைதான். இரண்டு ஆய்வாளர்கள் 16 புளூடூத் பூட்டுகளைச் சோதித்து, அவற்றுள் 12ஐத் திறந்துவிட்டார்கள். கைப்பேசியிலிருந்து பூட்டுக்குச் செல்லும் கடவுச்சொல் சிலவற்றில் எந்தக் குறியாக்கமும் இன்றிக் காற்றில் அப்படியே பறந்ததால், சற்றுத் தள்ளி மலிவான ஏற்பியுடன் நின்றவருக்கே அது கேட்டுவிட்டது. இரும்பைக் கெட்டியாக வார்த்தவர்கள், சாவியைத் தெருவில் கூவி விற்றிருக்கிறார்கள்!

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மிராய் என்ற தீநிரல் வந்தது. தொழிற்சாலையில் வைத்த 60க்கும் மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை மட்டும் வரிசையாக முயன்றே கேமராக்களையும் ரவுட்டர்களையும் அது கைப்பற்றியது. அக்டோபர் 21 அன்று, அப்படிக் கைப்பற்றிய சாதனங்களைக் கொண்டு, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் (Dyn) நிறுவனம் தாக்கப்பட்டபோது ட்விட்டரும் நெட்ஃப்ளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை. அரங்கில் வியர்வை சிந்தித் தேடிய நுட்பமான ஓட்டை எதுவும் மிராய்க்குத் தேவைப்படவில்லை என்பதுதான் வேடிக்கை.

நேற்றிரவு எங்கள் வாசல் கேமராவின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பயனர்பெயர் ‘அட்மின்’. கடவுச்சொல்லும் அதுவே. மூன்றாண்டுகளாக.