ஒரு வார்டின் 24 கட்டங்கள்

லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் தரும் தரைப்பரப்பு வெப்பநிலைப் படத்தில் ஒரு கட்டத்தைச் சொடுக்கினால் 48,000 என்பதுபோல ஓர் எண்ணைக் காட்டும். முதல்முறை பார்க்கும் யாருக்கும் ஒன்றும் புரியாது. அதை 0.00341802ஆல் பெருக்கி 149ஐக் கூட்டினால் கெல்வின், அதிலிருந்து 273.15ஐக் கழித்தால் 39.9 டிகிரி செல்சியஸ். தசம எண்ணாக வைத்தால் ஒரு கட்டத்துக்கு நான்கு பைட் போகும், 16 பிட் முழு எண்ணுக்கு இரண்டே போதும். அதனால்தான் இப்படி மாற்றி வைக்கிறார்கள். இப்படிக் கட்டங்களால் ஆன படங்களைக் கணக்கிடும் ராஸ்டர் கால்குலேட்டரில் ஒரே ஒரு வரி எழுதினால் படம் முழுவதும் செல்சியஸுக்கு வந்துவிடும்.

அந்த ஒரு வரியில்தான் நான் சறுக்கினேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். சென்னையின் எந்த வார்டு அதிகமாகச் சூடேறுகிறது என்று ஓர் ஏப்ரல் மாதப் படத்தை வைத்துக் கணக்கிடச் சொன்னார்கள். படத்தில் ஆங்காங்கே சின்னச் சின்ன மேகங்கள். மேகத்தின் மேற்பரப்பு குளிர்ந்தது. அதை நீக்காவிட்டால் தரையின் வெப்பமாகக் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் எந்தக் கட்டத்தில் மேகம் என்று சொல்லும், படத்தோடு வரும் தரக்குறிப்பு அடுக்கிலிருந்து, மேகம் இருந்தால் 0, இல்லையென்றால் 1 என்று ஒரு மாஸ்க் செய்தேன். அதைப் படத்தோடு பெருக்கினேன். அப்புறம் சூத்திரத்தைப் போட்டு, வார்டுவாரியாகச் சராசரி எடுத்து, நிறம் கொடுத்து அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன்.

கணக்குப் பிரிவு அக்கா டீ டம்ளரோடு வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். "தம்பி, இது எங்க வார்டுதானே? பச்சையா போட்டிருக்கீங்க. இங்கயா குளிர்ச்சி? ஏப்ரல்ல எங்க மொட்டைமாடில கால வைக்க முடியாது."

சராசரி 36.6 என்று இருந்தது. சந்தேகப்படும்படியான எண் இல்லை. ஆனால் அந்த வார்டில் தகரக் கூரைகள்தான் அதிகம், மரங்கள் குறைவு என்று அக்கா சொன்னது உறுத்தியது. உட்கார்ந்து அந்த வார்டின் குறைந்தபட்ச மதிப்பைப் பார்த்தேன். மைனஸ் 124.15.

மாஸ்கால் பெருக்கியபோது மேகம் இருந்த கட்டங்கள் 0 ஆகியிருந்தன. 0 என்பதும் ஓர் எண்தானே. சூத்திரம் அதற்கும் 149ஐக் கூட்டி 273.15ஐக் கழித்திருக்கிறது. வார்டில் இருந்தது ஏறக்குறைய 1,100 கட்டங்கள். அதில் 24 இப்படி உறைந்து கிடந்தன. அந்த 24 சேர்ந்து மொத்தச் சராசரியை மூன்றரை டிகிரி கீழே இழுத்துவிட்டன. பாதி வார்டு மேகமாக இருந்திருந்தால் எண் பார்த்தவுடனே கத்தியிருக்கும். கொஞ்சமாக இருந்ததால் நம்பும்படி இருந்தது.

படங்களை எண்களைப் போலக் கூட்டிப் பெருக்கும் இந்த வரைபட இயற்கணிதத்துக்கு 1980களில் ஒழுங்கான வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் டேனா டாம்லின். கட்டம் கட்டமாக நடக்கும் கணக்கையும், ஒரு பகுதியைத் திரட்டி எடுக்கும் கணக்கையும் அவர் தனித்தனி வகையாகப் பிரித்தார். என் தவறு முதல் வகையில் நடந்து இரண்டாவதில் ஒளிந்துகொண்டது.

கிராஸ் என்ற வரைபட மென்பொருளில் திரும்பச் செய்தேன். இம்முறை பெருக்கவில்லை, மாஸ்க் 1 என்றால் சூத்திரம், இல்லையென்றால் 'நல்' என்று நிபந்தனையாக எழுதினேன். 'நல்' என்றால் இங்கே தகவலே இல்லை என்று பொருள். சராசரி அதைத் தொடாது.

அதே மென்பொருள் பின்னொரு நாள் வேறு விதமாகக் காலை வாரியது. சாயில்கிரிட்ஸ் என்ற உலக மண் வரைபடத் தரவில் மண்ணின் பிஎச் (அமில, காரத் தன்மை) மதிப்பு பத்து மடங்காக இருக்கும். 65ஐ 10ஆல் வகுத்தேன், 6 என்று வந்தது. இரண்டும் முழு எண் என்றால் விடையும் முழு எண்தான், தசமம் போய்விடும். 10.0 என்று எழுதிய பிறகுதான் 6.5 கிடைத்தது. இப்போதெல்லாம் எந்த மாற்றத்துக்குப் பிறகும் குறைந்தபட்சம், அதிகபட்சம், நல் கட்டங்களின் எண்ணிக்கை மூன்றையும் பார்க்காமல் சராசரி எடுப்பதில்லை.

திருத்திய படத்தில் அந்த வார்டு 40.2. பச்சை போய்ச் சிவப்பு வந்திருந்தது. பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டியதும் அக்காவைக் கூப்பிட்டேன். தன் தெரு இருக்கும் இடத்தில் விரலை வைத்து, "ஆமா, இதான் எங்க ஏரியா" என்றார். பிறகு பக்கத்து நீலத் திட்டைக் காட்டி, ஏரியா என்று கேட்டார். ஏரிதான்.