காளிகாட்டிலிருந்து ஜோராசாங்கோ வரை: கேலிச் சித்திரங்களைத் தேடி

கல்கத்தா போகிறவர்கள் காளிகாட்டில் அம்மனைத் தரிசித்து, பிரசாதப் பேடாவை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் போனது அந்தக் கோயில் வாசலில் ஒரு காலத்தில் விற்ற படங்களுக்காக. இப்போது அந்தத் தெருவில் செம்பருத்தி மாலையும் சங்கு வளையலும் அச்சடித்த காளி படமும்தான் கிடைக்கின்றன. பழைய காளிகாட் படங்களைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

இன்றுள்ள கோயில் 1809இல் கட்டி முடிக்கப்பட்டது. கூட்டம் பெருகப் பெருக, கிராமங்களில் சுருள் ஓவியம் காட்டிக் கதை பாடிப் பிழைத்த பட்டுவாக்கள் இங்கே வந்து கடை போட்டார்கள். ஆலையில் செய்த மலிவான காகிதம், விளக்குக் கரியில் செய்த மை, குடும்பமே சேர்ந்து வேலை. ஒருவர் கோடு போட, வீட்டுப் பெண்கள் வண்ணம் நிரப்புவார்கள். விலை ஓரிரு பைசா. முதலில் காளி, சிவன், கிருஷ்ணன் என்றுதான் வரைந்தார்கள். அப்புறம் தெருவில் கண்ணுக்குப் பட்ட மனிதர்களும் படத்துக்குள் வந்துவிட்டார்கள்.

அவர்களில் முதல் ஆள் பாபு. கிழக்கிந்தியக் கம்பெனி வணிகத்திலும், 1793 நிரந்தர நிலவரித் திட்டம் உருவாக்கிய ஜமீன்களிலும் திடீர்ப் பணம் பார்த்த வர்க்கம். இந்திய அருங்காட்சியகத்தில் ஒரு பாபுவின் முன்னால் வெகுநேரம் நின்றேன். நடுவகிடு எடுத்துச் சுருட்டிய முடி, விசிறி மடிப்பு வேட்டி, காலில் பம்ப் ஷூ, விக்டோரியா காலத்து நாற்காலி, கையில் ஹூக்கா. தோளிலிருந்து முழங்கை வரை ஒரே இழுப்பில் வந்த தூரிகைக் கோடு. எடுத்த தூரிகையை வைக்காமல் போட்டிருக்கிறார் ஓவியர். இன்னும் சில படங்களில் பாபுவை மனைவி துடைப்பத்தால் அடிக்கிறாள்; தாசி அவனை ஆடாக்கிக் கயிற்றில் பிடித்துப் போகிறாள். வாயில் இறாலும் நெற்றியில் வைணவ நாமமுமாக ஒரு பூனை நிற்கிறதே, அது போலிச் சாமியார்.

1873இல் நடந்த தாரகேஸ்வர் வழக்கு இந்த ஓவியர்களுக்குப் பெரிய கதையானது. அரசு அச்சகத்தில் வேலை பார்த்த நபீன் என்பவர், தாரகேஸ்வர் கோயில் மகந்துடன் (மடத்தின் தலைவர்) தன் இளம் மனைவி எலோகேஷிக்கு உறவு என்று அறிந்து, மீன் நறுக்கும் அரிவாள்மணையால் அவள் கழுத்தை அறுத்துவிட்டார். ஊரே நீதிமன்றத்தில் திரண்டது. நபீனுக்கு ஆயுள் தண்டனை. மன்னிக்கச் சொல்லி மனுக்கள் குவிய, 1875இல் விடுதலையானார். மகந்துக்கு மூன்று ஆண்டு கடுங்காவல். சந்திப்பு, கொலை, விசாரணை, சிறையில் மகந்து என்று பட்டுவாக்கள் இதைக் காட்சி காட்சியாக வரைந்து விற்றார்கள். கொலையுண்டவள் பதினாறு வயதுப் பெண். கொன்றவன் மீது ஊர் இரக்கப்பட்டதை நினைத்தால் இன்றும் மனம் ஒப்பவில்லை. ஆனால் மடத்தின் அதிகாரத்தை வெள்ளைக்கார நீதிமன்றம் விசாரிக்கலாமா, படித்த கணவன் மனைவியை எப்படி நடத்த வேண்டும் என்று அந்தக் காலத்து வங்காளம் தவித்ததெல்லாம் அந்தப் பைசா படங்களில் தெரிகிறது.

மெட்ரோவில் கிரிஷ் பார்க் போய் இறங்கி, பழைய சித்பூர் சாலையைத் தாண்டினால் ஜோராசாங்கோ. ரவீந்திரநாத் தாகூர் பிறந்த வீடு இன்று அருங்காட்சியகம். அதை ஒட்டியிருந்த ஐந்தாம் எண் வீட்டை இடித்துவிட்டார்கள். கேலிச் சித்திரங்கள் வரைந்த ஓவியர் ககனேந்திரநாத் தாகூர் வாழ்ந்தது அந்த வீட்டில். ரவீந்திரநாத் அவருக்குச் சித்தப்பா முறை, ஆறு வயதுதான் மூத்தவர். ஆங்கிலேயரோடு பங்கு சேர்ந்து கம்பெனி நடத்திய துவாரகநாத் தாகூரின் கொள்ளுப்பேரன் ககனேந்திரநாத். காளிகாட் ஓவியர் வாசலுக்கு வெளியே நின்று கேலி செய்த பெரிய வீட்டின் உள்ளேயே பிறந்தவர்.

அவர் வீட்டிலேயே லித்தோ என்னும் கல்லச்சு வைத்து, 1917இல் ‘பிரூப் பஜ்ரா’, ‘அத்புத் லோக்’ என இரண்டு தொகுப்புகளையும் 1921இல் ‘நப ஹுல்லோட்’ என்ற தொகுப்பையும் கொண்டுவந்தார். பெரிய பெரிய கறுப்புப் பரப்புகள், குறைந்த வண்ணம். பாதி சாகிப், பாதி பாபுவாக நிற்கும் மனிதன் அவருக்குப் பிடித்த இலக்கு. ஒரு படத்தில் பல்கலைக்கழகம் ஆலையாக ஓடுகிறது, மாணவர்கள்தான் சரக்கு. இன்னொன்றில் சாதி ஒரு பெரிய திரிகைக் கல்லாகி மக்களை அரைக்கிறது. 1921இல் ரவீந்திரநாத் விமானத்தில் பறந்ததும் சித்தப்பாவையும் விடவில்லை: கவி நாற்காலியோடு வானில் மிதக்கிறார்.

என்னைப் பிடித்து நிறுத்தியது ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின் அவர் வரைந்த படம். 1919 ஏப்ரல் 13 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் அரசே ஒப்புக்கொண்ட சாவு 379. ரவீந்திரநாத் சர் பட்டத்தைத் துறந்தார். ககனேந்திரநாத், ‘பஞ்சாபில் அமைதி நிலைநாட்டப்பட்டது’ என்று தலைப்பிட்டு ஒரு கேலிச் சித்திரம் போட்டார். அதுவரை தன் வர்க்கத்தைக் கேலி செய்த அதே கை, ஆட்சியின் முகத்தில் அறைந்தது. தன் வீட்டின் பொய்யைச் சொல்லத் துணிந்தவர் என்பதால்தான் அந்த அறைக்கு இவ்வளவு கனம் என்று நினைக்கிறேன்.

அவர் படைப்புகள் பல இன்று விக்டோரியா நினைவகத் தொகுப்பில் இருக்கின்றன. அந்த வெள்ளைப் பளிங்குக் கட்டடம் திறக்கப்பட்டதும் 1921 டிசம்பரில்தான், ‘நப ஹுல்லோட்’ வந்த அதே ஆண்டு. பேரரசைப் போற்றக் கட்டிய மண்டபம் அந்தக் கோபத்தையும் பத்திரமாக வைத்திருப்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

நம் பக்கத்திலும் இது நடந்தது. 1906இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் பாரதி கேலிச் சித்திரங்களை முகப்பிலேயே போட்டார். வெள்ளைக்காரரோடு நம் மிதவாதிகளும் அதில் அடி வாங்கினார்கள். பின்னர் இதழ் புதுச்சேரிக்குப் போக வேண்டி வந்தது. வங்கத்தில் பார்த்ததையும் இதையும் சேர்த்துப் பார்க்க ஒரு நல்ல கண்காட்சி யாராவது வைக்க வேண்டும்.

போகிறவர்களுக்கு: காளிகாட், கிரிஷ் பார்க் இரண்டும் ஒரே மெட்ரோ தடத்தில் இருக்கின்றன. ஜோராசாங்கோவுக்கும் விக்டோரியா நினைவகத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. காகித ஓவியங்களை வெளிச்சத்துக்குப் பயந்து எல்லா நாளும் சுவரில் மாட்ட மாட்டார்கள். நான் போனபோது வெளியே இருந்தவை சிலதான், மற்றதை மறுபதிப்பில்தான் பார்த்தேன். ககனேந்திரநாத்துக்காகவே போகிறீர்கள் என்றால் என்ன காட்சியில் இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.